கல்லீரல் அறுவையில் ரத்த இழப்பைக் குறைப்பது எப்படி: வலது ஹெப்படெக்டமிக்கு ஒரு செய்முறை

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் போகிறது. இதயம் வெளித்தள்ளுவதில் கால் பங்கு அது. அதில் முக்கால்வாசியைக் கொண்டுவருவது போர்ட்டல் வெயின். மீதி ஹெப்பாட்டிக் ஆர்ட்டரியின் பங்கு. கல்லீரல் சர்ஜரி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உள்ளே வரும் இந்த ரத்தத்தை அடைக்கும் பிரிங்கிள் கிளாம்ப்தான். ஆனால் பிரிங்கிள் போட்ட பிறகும் வெட்டுப்பரப்பில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஊறிக்கொண்டே இருப்பதைக் கல்லீரல் தியேட்டரில் நின்றவர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது, கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் வெயின்களிலிருந்து பின்னோக்கி வரும் ரத்தம். அந்த வெயின்களுக்கு வால்வு கிடையாது. ஐவிசியில் (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை) என்ன அழுத்தமோ அதுதான் அங்கும். மோட்டாரை நிறுத்தினாலும் மொட்டைமாடித் தொட்டி நிறைந்திருக்கும்வரை குழாயில் தண்ணீர் வரத்தான் செய்யும். மோட்டார் சர்ஜன் கையில், தொட்டி மயக்க மருத்துவர் கையில். இந்த இரண்டாவது பாதியைப் பேசி முடிவு செய்யாமல் கத்தியை எடுப்பதுதான் பெரிய ரத்த இழப்புக்கு அடிக்கடி காரணமாகிறது.

கீழே வருவது, கட்டிக்காகத் திட்டமிட்டுச் செய்யும் திறந்தமுறை வலது ஹெப்படெக்டமியை (கல்லீரலின் வலது பாதியை வெட்டி எடுப்பதை) மனதில் வைத்து எழுதப்பட்டது. பயிற்சியில் இருக்கும் சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர் செவிலியர் மூவருக்கும் பொது. டோஸ்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

மேசைக்கு வருமுன்

ரத்தசோகையை அறுவைக்கு முந்தைய நாள் கண்டுபிடித்துப் பயனில்லை. முதல் ஓ.பி. வருகையிலேயே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் மூன்றையும் அனுப்பிவிட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு என்றால் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1,000 மி.கி. சிரைவழி ஒருமுறை போட்டு, 2 முதல் 4 வாரம் கொடுத்தால் பலன் தெரியும். மாத்திரையை நம்பி அவ்வளவு காலம் காத்திருக்கப் புற்றுநோய் விடாது.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளை எழுதி வாங்குங்கள். வார்ஃபரின் 5 நாள், குளோப்பிடோக்ரெல் 5 முதல் 7 நாள், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை சிறுநீரகம் நன்றாக இருந்தால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே நிறுத்தப்பட வேண்டும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. மஞ்சள் காமாலையோடு வருபவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவுகோல்) கூடியிருந்தால் முதலில் வைட்டமின் கே 10 மி.கி. சிரைவழி, அதில் சரியாகிவிட்டால் பிரச்சினை பித்தநீர் அடைப்பில் இருந்தது, கல்லீரல் செல்லில் இல்லை என்றும் தெரிந்துவிடும்.

சிரோசிஸ் நோயாளியின் ஐ.என்.ஆர். 1.6 என்று பார்த்ததும் எஃப்.எஃப்.பி. (உறைய வைத்துச் சேமித்த பிளாஸ்மா) நான்கு பை ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவர்களுக்கு உறைய வைக்கும் புரதங்களோடு உறையாமல் தடுக்கும் புரதங்களும் சேர்ந்தே குறைந்திருக்கும். அந்த எண்ணை வைத்து யாருக்கு ரத்தம் போகும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்மா ஒரு லிட்டர் ஏறினால் எண் சற்று இறங்கும், போர்ட்டல் அழுத்தமும் சிவிபியும் (இதயத்தருகே பெரிய சிரைகளில் உள்ள அழுத்தம்) ஏறும். எதைத் தடுக்கப் போனோமோ அதையே கூட்டிவிடுவோம். அதைவிடப் பிளேட்லெட்டைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே, மண்ணீரல் பெரிது, எண்டோஸ்கோப்பியில் வேரிஸ் (உணவுக்குழாயில் புடைத்த சிரைகள்) என்றால் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் இருக்கிறது. பெரிய அறுவை வேண்டுமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டிய இடம் அது.

ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ எடுத்தவர்களின் கல்லீரல் நீலம் பாய்ந்து, தொட்டாலே கசியும். கடைசி கீமோவுக்கும் அறுவைக்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுங்கள். கொழுப்பேறிய கல்லீரலும் அப்படியே: கிளாம்ப் வைத்து நசுக்கினால் திசு நூல்நூலாகப் பிரியாமல் வெண்ணெய்போல் வழியும், குழாய்கள் எங்கே என்று தெரியாது. இதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. அறுவைக்கு முந்தைய ஒரு வாரம் நாளுக்கு 800 கிலோகலோரி, 20 கிராம் கொழுப்பு என்ற கட்டுப்பாட்டு உணவு. உடல் பருமனானவர்களிடம் செய்து 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ரத்த இழப்பு ஏறக்குறையப் பாதியானது. நம் கைவசம் இருக்கும் விலை உயர்ந்த கருவிகள் பலவற்றால் இந்த அளவு பலன் கிடைப்பதில்லை.

சிவிபியை இறக்குவது

இலக்கு: கல்லீரலைப் பிளக்கத் தொடங்கும் நேரத்தில் சிவிபி 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே. இதன் கணக்கு எளிது. ஓட்டையிலிருந்து வெளியேறும் ரத்தம் அழுத்தத்தோடு நேராகக் கூடும். ஓட்டையின் ஆரத்தோடு நான்காம் அடுக்கில் கூடும். சிவிபி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன, ஏனென்றால் உப்பியிருந்த வெயின் சுருங்கும்போது அதில் விழும் கிழிசலும் சிறிதாகிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் சிவிபி 5 செ.மீ. தண்ணீர் அளவோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு நடு அளவாக 200 மி.லி. போனது, அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 1,000 மி.லி.

செய்யும் முறை இது. மயக்கம் கொடுத்ததிலிருந்து பிளந்து முடிக்கும்வரை மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. திரவம் மட்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 60 மி.லி.; பம்பில் போடுங்கள். ஆன்டிபயாட்டிக் கரைசல், பாராசிட்டமால் பாட்டில் எல்லாமும் இந்தக் கணக்கில் சேரும். 100 மி.லி. பாராசிட்டமால் பாட்டில் இரண்டு போனாலே மூன்று மணி நேரப் பங்கு தீர்ந்தது. சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே போனால் திரவத்தைத் திறக்காமல் நார்அட்ரினலின் 0.02 முதல் 0.1 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் ஓட்டுங்கள். சிறுநீர் மணிக்கு 25 மி.லி. வந்தால் போதும் என்று இந்த ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே போனால், அல்லது சிஸ்டாலிக் 90க்குக் கீழே நின்றுவிட்டால், 200 மி.லி. கொடுத்துப் பார்க்கலாம்.

திரவத்தைக் கட்டியும் இறங்கவில்லை என்றால் வரிசையாக: பீப் (மூச்சு வெளியேறியபின் வெண்டிலேட்டர் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) 5க்கு மேல் இருந்தால் குறைக்கவும், டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. போதும், தசைத் தளர்ச்சி முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கவும், தலைப்பக்கம் 10 முதல் 15 டிகிரி உயர்த்தவும், பிறகு ஃப்ரூசமைடு 10 முதல் 20 மி.கி.; பிறகு நைட்ரோகிளிசரின் 0.5 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம் எனத் தொடங்கி மெதுவாக. தலையை உயர்த்தும்போது டிரான்ஸ்டியூசரை (சிவிபியை அளக்கும் கருவி) சேர்த்து உயர்த்த மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மேசை சாய்ந்தபின் டிரான்ஸ்டியூசர் வலது ஏட்ரியத்தின் மட்டத்தில் இல்லையென்றால் திரையில் 9 என்றும் உள்ளே 3 என்றும் இருக்கும். ரிட்ராக்டரை இழுத்துக் கட்டியபோதும் எண் மாறும்.

எண்ணைவிட நம்பகமானது கண். கல்லீரலைத் தூக்கியதும் ஐவிசியைப் பாருங்கள். தட்டையாக, மூச்சுக்கு மூச்சு மடங்கி விரிந்தால் தயார். நீலமாகப் புடைத்து உருளையாக நின்றால், திரையில் என்ன எண் இருந்தாலும் சரி, பிளக்கத் தொடங்காதீர்கள். பத்து நிமிடம் காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. சென்ட்ரல் லைன் போடாத இடங்களில் ஸ்ட்ரோக் வால்யூம் வேரியேஷனை (இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் மாறும் அளவு) 13 முதல் 20 விழுக்காட்டுக்குள் வைத்து நடத்துபவர்களும் உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கு அது உதவாது.

இன்னொரு வழி, ரத்தத்தையே சற்று வெளியே எடுத்து வைப்பது. மயக்கத்துக்குப் பிறகு, பிளக்குமுன், கிலோவுக்கு 7 முதல் 10 மி.லி. ரத்தத்தைச் சிட்ரேட் பையில் எடுத்து, அதற்கு ஈடாகத் திரவம் ஏற்றாமல் விட்டு, வெட்டி முடித்ததும் அதே ரத்தத்தைத் திருப்பி ஏற்றுவது. கனடாவில் நடந்த பிரைஸ்-2 ஆய்வில் பிறர் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். பை நோயாளியின் பெயர், எண், எடுத்த நேரம் எழுதப்பட்டு அதே தியேட்டரிலேயே இருக்க வேண்டும். இதயத் தமனி நோய் உள்ளவருக்கும், ஏற்கனவே ரத்தசோகை உள்ளவருக்கும் இது வேண்டாம்.

தாழ்ந்த சிவிபிக்கு ஒரு விலை உண்டு: ஹெப்பாட்டிக் வெயின் கிழிந்தால் அது காற்றை உள்ளே உறிஞ்சும். தலை உயர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாக. எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடு (வெளிவிடும் மூச்சின் முடிவில் அளப்பது) சட்டென்று விழுவதுதான் முதல் அறிகுறி. ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் பின்னால்தான் விழும். மயக்க மருத்துவர் "காற்று" என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் சர்ஜன் ஓட்டைமேல் விரலை வைத்து, வயிற்றில் சலைன் ஊற்ற வேண்டும். தலையைத் தாழ்த்தி, 100 விழுக்காடு ஆக்சிஜன், சென்ட்ரல் லைனில் உறிஞ்சிப் பார்ப்பது. நைட்ரஸ் ஆக்சைடு இந்த அறுவையில் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம்.

பிரிங்கிள்

கிளாஸ்கோவில் ஹோகார்த் பிரிங்கிள் அடிபட்ட கல்லீரல்களுக்காக 1908இல் எழுதியது இன்றும் அப்படியே நிற்கிறது. டேப்பை எல்லாருக்கும் சுற்றி வையுங்கள். இறுக்குவது தேவைப்பட்டால் மட்டும். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது டேப் சுற்றத் தொடங்குவதைவிட மோசமான நேரம் இல்லை.

லெஸ்ஸர் ஓமென்டத்தின் மெல்லிய பகுதியைத் திறந்து, இடது ஆள்காட்டி விரலை விண்ஸ்லோ துளை வழியாக விட்டு, மிக்ஸ்டரால் (முனை வளைந்த கிளாம்ப்) காட்டன் டேப்பை ஹெப்பட்டோடியோடினல் லிகமென்டைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். டேப்பின் இரு முனையையும் 16 அல்லது 18 ஃபிரெஞ்சு ரப்பர் குழாய்த் துண்டுக்குள் இழுத்து, இறுக்கி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடித்தால் ரம்மல் டூர்னிகே ரெடி. முன்பு பித்தப்பை எடுத்தவருக்கு அந்தத் துளை ஒட்டிப்போயிருக்கும். விரலைக் குத்தித் திறக்கப் போனால் ஐவிசி கிழியும். டியோடினத்தைக் கோக்கர் செய்து (பின்பக்க ஒட்டுதலிலிருந்து விடுவித்து) கீழிருந்து வாருங்கள்.

ஓமென்டத்தைத் திறக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். லெஃப்ட் கேஸ்ட்ரிக்கிலிருந்து கிளம்பி அதன் வழியே இடது கல்லீரலுக்குப் போகும் ஆர்ட்டரி கணிசமானவர்களுக்கு உண்டு. அது துடித்துக்கொண்டிருந்தால் டேப் எவ்வளவு இறுக்கினாலும் பிரிங்கிள் முழுமையாகாது. தனியாக ஒரு புல்டாக் (சிறு கிளாம்ப்) வேண்டும்.

இறுக்குமுன் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். செவிலியர் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். 15 நிமிடம் மூடி, 5 நிமிடம் திறப்பது வழக்கம். சிரோசிஸ் கல்லீரலுக்கு 10க்கு 5 என்று வைப்பவர்கள் உண்டு, அது நல்ல பழக்கமே. நல்ல கல்லீரல் இப்படி விட்டுவிட்டு மூடினால் மொத்தம் 120 நிமிடம்வரை தாங்கும். ஒரே மூச்சாக மூடி வைப்பது இன்றைக்குத் தேவையில்லாத துணிச்சல். 15க்கு 5 முறையோடு ஒப்பிட்டுப் பெல்கிட்டி குழுவினர் 1999இலேயே விட்டுவிட்டு மூடுவதைக் கல்லீரல், அதுவும் நோயுற்ற கல்லீரல், மேலாகத் தாங்குகிறது என்று காட்டிவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த 5 நிமிடத்தை. மொத்த ரத்த இழப்பில் பெரும் பங்கு டேப்பைத் தளர்த்திய நேரத்தில்தான் போகிறது. தளர்த்துமுன் பிளவுக்குள் ஈரமான மாப்பை (ரத்தம் உறிஞ்சும் துணி) திணித்து, இரண்டு பக்கக் கல்லீரலையும் உள்ளங்கைகளால் ஒன்றையொன்று நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு தளர்த்துங்கள். 5 நிமிடமும் அப்படியே. "எங்கே கசிகிறது என்று பார்க்கலாம்" என்று இரண்டாவது நிமிடத்தில் மாப்பைத் தூக்கும் ஆசையை அடக்க வேண்டும். தளர்த்தியதும் ரத்த அழுத்தம் சற்று இறங்கும், அதற்குத் திரவம் ஏற்றிவிடக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தானாக ஏறும்.

பிரிங்கிள் போட்டும், திரவத்தைக் கட்டியும் சிவிபி இறங்காதவருக்குச் சிறுநீரக வெயின்களுக்கு மேலே, கல்லீரலுக்குக் கீழே ஐவிசியைச் சுற்றி டேப் போட்டு அரைகுறையாக இறுக்குவது அடுத்த படி. நுரையீரலில் கிளாட் போவது இதில் கூடுதலாகப் பதிவாகியிருப்பதால் முதல் தேர்வாக எடுக்க வேண்டாம். முழு வாஸ்குலர் எக்ஸ்க்ளூஷன் (பிரிங்கிளோடு ஐவிசியையும் கல்லீரலுக்கு மேலும் கீழும் அடைப்பது), கட்டி ஹெப்பாட்டிக் வெயின் ஐவிசியில் சேரும் இடத்தையே பிடித்திருந்தால் மட்டும். பத்தில் ஒருவருக்காவது இதயம் அதைத் தாங்காது, தொட்டியே காலியாகிவிடுவதால்.

வலது பக்கத்தை விடுவிக்கையில்

பிளக்குமுன்பே ரத்தம் போகும் இடங்கள் இவை. பித்தப்பையை எடுத்து, வலது ஹெப்பாட்டிக் ஆர்ட்டரியைக் கட்டுமுன் அதை லேசாக அமுக்கி இடது பக்கத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது போர்ட்டல் வெயினைச் சுற்றும்போது அதன் பின்பக்கத்திலிருந்து காடேட்டுக்கு (கல்லீரலின் பின்பக்க மடல்) போகும் சிறு கிளை ஒன்று காத்திருக்கும். மிக்ஸ்டரின் முனை அதைத்தான் கிழிக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்து 4-0 பட்டு நூலால் கட்டி வெட்டிவிட்டால் ஒன்றரை செ.மீ. இடம் கிடைக்கும், பிறகு டேப் தாராளமாகச் சுற்றும். வலது ஆர்ட்டரியும் போர்ட்டலும் மூடியதும் கல்லீரலின் மேல் நிறக்கோடு விழும். டயதெர்மியால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலது கல்லீரலை இடப்பக்கம் உருட்டும்போது அசிஸ்டென்ட்டின் கை முக்கியம். விரல் நுனியால் இழுத்தால் உறை கிழியும். விரித்த மாப்பின் மேல் முழு உள்ளங்கையால் தூக்க வேண்டும். வலது அட்ரீனல் கல்லீரலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கொஞ்சம் அட்ரீனல் திசுவைக் கல்லீரலோடு விட்டு வெட்டித் தைத்துவிடலாம். ஐவிசிக்கு நேராகப் போகும் சிறு ஹெப்பாட்டிக் வெயின்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக எடுங்கள். ஐவிசி பக்கம் கிளிப் மட்டும் போட்டு விடக் கூடாது, துடைக்கும் மாப்பில் சிக்கி உருவிக்கொண்டு வரும். ஐவிசி பக்கம் கட்டு, கல்லீரல் பக்கம் கிளிப். வலது ஹெப்பாட்டிக் வெயினை மூடி நிற்கும் ஐவிசி லிகமென்டுக்குள் சில நேரம் நல்ல பருமனான வெயின் ஓடும். வெறும் டயதெர்மியால் வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள், கிளாம்ப் வைத்துத் தையுங்கள்.

வலது ஹெப்பாட்டிக் வெயினைச் சுற்றி டேப் போட இடம் இருந்தால் வாஸ்குலர் கார்ட்ரிட்ஜ் போட்ட ஸ்டேப்ளரால் வெளியிலேயே வெட்டிவிடலாம். இடம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பிளந்து முடித்தபின் தானாகத் தெரியும். கட்டி பெரிதாக இருந்து உருட்டவே முடியாதவருக்கு ஐவிசியின் முன்பரப்பில், வலது வெயினுக்கும் நடு வெயினுக்கும் இடையே மேலே வரும்படி டேப் ஒன்றைக் கடத்தி, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னிருந்து பிளப்பது நல்ல வழி. டேப்பைத் தூக்கும்போது வெட்டுப்பரப்பின் ஆழ்பகுதி இதய மட்டத்துக்கு மேலே வருவதால் அங்கே வெயின் கசிவும் குறைகிறது.

பிளப்பது

அல்ட்ராசவுண்டை நேராகக் கல்லீரல்மேல் வைத்து நடு ஹெப்பாட்டிக் வெயினின் தடத்தை மேற்பரப்பில் வரைந்துகொள்ளுங்கள். வலது ஹெப்படெக்டமியில் பெரிய ரத்தம் அதிலிருந்தோ, கல்லீரலின் 5ஆம் 8ஆம் செக்மென்டுகளிலிருந்து (எண்ணிட்ட பகுதிகள்) அதில் வந்து சேரும் கிளைகளிலிருந்தோதான். அவை எத்தனை செ.மீ. ஆழத்தில் குறுக்கிடும் என்று முன்பே தெரிந்திருந்தால் கை அங்கே நிதானிக்கும்.

கோட்டின் இரு பக்கமும் 2-0 ஸ்டே தையல் போட்டு எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் 1 செ.மீ.யில் பெரிய குழாய் எதுவும் இல்லை, ஹார்மோனிக்கோ டயதெர்மியோ வேகமாகப் போகலாம். அதற்குக் கீழே கெல்லி கிளாம்ப். வாயில் ஒரு செ.மீ. திசு மட்டும் எடுத்து, மெதுவாக நசுக்கித் திறந்தால் கல்லீரல் திசு உதிர்ந்து, குழாய்கள் நூலாக நிற்கும். 2 மி.மீ.க்குள் இருப்பவை பைப்போலாரால். அதற்கு மேல் 7 மி.மீ.வரை லிகாஷுர் (குழாயை மின்வெப்பத்தால் ஒட்டும் கருவி) அடைக்கும், ஆனால் 4 மி.மீ. தாண்டினாலே கட்டியோ கிளிப் போட்டோ விடுவது மனநிம்மதி. கிளிசன் உறையோடு வரும் எதையும் கட்டத்தான் வேண்டும், உள்ளே பித்தநாளமும் இருக்கிறது. பைப்போலார் முனையில் சலைன் சொட்டிக்கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் கருகிய பொருக்கு முனையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்து மறுபடி கசியும்.

கியூசா (அல்ட்ராசவுண்ட் அதிர்வால் திசுவை உடைத்து உறிஞ்சுவது) நல்ல கருவி, வெயின்களை அழகாக உரித்துக் காட்டும். அதற்காக அது இல்லாமல் கல்லீரல் அறுவை கூடாது என்பதில்லை. 2005இல் சூரிச்சிலிருந்து வந்த 100 பேர் ஆய்வில் கெல்லி கிளாம்ப்தான் நான்கு முறைகளில் வேகமாகவும் குறைந்த ரத்த இழப்போடும் முடிந்தது: சதுர செ.மீ.க்கு 1.5 மி.லி., கியூசாவுக்கு 4. கெல்லி குழுவுக்குப் பிரிங்கிள் போட்டிருந்தார்கள், மற்றவர்களுக்குப் போடவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மாவட்டத் தலைநகர மருத்துவமனையில் கியூசா இல்லை என்று தயங்குபவருக்கு இந்த முடிவு போதும்.

ஸ்டேப்ளரைப் பற்றி ஒரு வார்த்தை. தாடையைத் திசுவுக்குள் கண்மூடித்தனமாகத் தள்ளாதீர்கள். தடை தெரிந்தால் அங்கே ஒரு வெயினின் கவை இருக்கிறது. தள்ளினால் அதன் இடுக்குதான் கிழியும்.

கசிவு எதிலிருந்து?

பிரிங்கிள் இறுக்கமாக இருக்கும்போது பளிச்சென்ற சிவப்பு, துடிப்போடு: டேப் தளர்ந்திருக்கிறது, அல்லது லெஃப்ட் கேஸ்ட்ரிக்கிலிருந்து வரும் ஆர்ட்டரியை மறந்துவிட்டோம். கருஞ்சிவப்பு, துடிப்பில்லாமல் ஊறுவது: ஹெப்பாட்டிக் வெயின். சந்தேகம் என்றால் மயக்க மருத்துவரை மூச்சை வெளிவிட்ட நிலையில் சில நொடி நிறுத்தச் சொல்லுங்கள். கசிவு குறைந்தால் வெயின்தான்.

வெயின் ஓட்டையைக் கிளாம்பால் கவ்வப் போகாதீர்கள். 3 மி.மீ. ஓட்டை 10 மி.மீ. ஆகும். விரல் நுனியை மேலே வைத்து, இடது கையைக் கல்லீரலுக்குப் பின்னால் விட்டு முழுதாக முன்னே தூக்குங்கள்; பரப்பு இதயத்துக்கு மேலே வந்ததும் பாதி நின்றுவிடும். சிவிபி எவ்வளவு என்று கேளுங்கள். சக்‌ஷன் இரண்டு தயாரானபின் விரலை ஓரமாக நகர்த்திக்கொண்டே 5-0 புரோலீனால் எட்டு வடிவத் தையல். சிறு துளை என்றால் சர்ஜிசெல் (ரத்தத்தை உறைய வைக்கும் துணி) துண்டு வைத்து 5 நிமிடம் அழுத்தினாலே போதும். அந்த நேரத்தில் வேறு பக்கம் பிளந்துகொண்டிருக்கலாம்.

கட்டுக்குள் வரவில்லை, 1.5 லிட்டர் தாண்டிவிட்டது, உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்றால் தைப்பதை நிறுத்தி மாப்களால் அழுத்திக் கட்டுங்கள். ரத்தம், பிளாஸ்மா, பிளேட்லெட் ஒன்றுக்கொன்று ஒன்று என ஏற்ற வேண்டிய இடம் இது. ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே என்றால் கிரையோ (ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மாப் பகுதி). பிரிங்கிள் போட்டிருக்கும்போது ஏற்றும் ரத்தத்தின் சிட்ரேட்டைக் கல்லீரலால் உடைக்க முடியாது, ஆகவே அயனைஸ்டு கால்சியம் எதிர்பார்த்ததைவிட வேகமாக விழும்; 1.1 மில்லிமோலுக்கு மேல் வைக்க கால்சியம் குளூக்கோனேட் 10 மி.லி. கையில் இருக்கட்டும். பேக் செய்து மூடி, 24 முதல் 48 மணி நேரத்தில் திரும்பி வருவது தோல்வியல்ல.

நிதானமான கசிவுக்கு ரத்தம் ஏற்றும் வரம்பு ஹீமோகுளோபின் 7; இதய நோயாளிக்கு 8. ஒரு பை ஏற்றி, பார்த்து, பிறகு அடுத்தது.

டிரானெக்சாமிக் ஆசிட் எல்லாருக்கும் கொடுக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். எலும்பு அறுவையிலும் பிரசவத்திலும் அது உதவுகிறது. கல்லீரலில் 2024இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வு, 1,200க்கும் மேற்பட்டவர்களிடம், ரத்தம் ஏற்றுவதையும் குறைக்கவில்லை, சிக்கல்களையும் கூட்டியது என்று காட்டிவிட்டது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஃபைப்ரின் பசை, டேக்கோசில் வகையறாவும் கடைசிச் சிறு கசிவுக்குத்தான்; தைக்க வேண்டிய வெயினை அவை அடைக்காது.

லேப்பராஸ்கோப்பியில்

வாயு அழுத்தம் 10 முதல் 12 மி.மீ. பாதரசம். அதுவே வெயின் கசிவை அமுக்கிவிடும், படமும் சுத்தமாகத் தெரியும். பிரிங்கிள் டேப்பைத் தனிச் சிறு துளை வழியாக வெளியே கொண்டுவந்து இறுக்கலாம். கசிவு கூடினால் வாயு அழுத்தத்தை 18, 20 என்று ஏற்றுவது ஆபத்து, சிவிபி தாழ்ந்திருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெயினுக்குள் போகும். காஸ் துண்டால் அழுத்தி, காற்றுவழி அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி, தையுங்கள். தைக்க முடியவில்லையென்றால் அழுத்தியபடியே திறங்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டுத் திறக்காதீர்கள்.

மூடுமுன்னும் பின்னும்

வெட்டி எடுத்ததும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், திரவத்தைத் திறக்கலாம், எடுத்து வைத்த ரத்தத்தை ஏற்றலாம். சிவிபி 8, 10க்கு வந்து, ரத்த அழுத்தம் நோயாளியின் வழக்கமான அளவுக்கு வந்தபின்தான் வெட்டுப்பரப்பைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். 3இல் உலர்ந்து தெரிந்த பரப்பு 10இல் கசியும், அந்தக் கசிவை வார்டில் பார்ப்பதைவிட மேசையில் பார்ப்பது நல்லது. காற்றுவழி அழுத்தத்தை 30 செ.மீ. தண்ணீருக்கு 10 நொடி பிடிக்கச் சொல்லி, வெள்ளை மாப்பை அழுத்தி எடுத்துப் பாருங்கள்: சிவப்புப் புள்ளி வெயின், மஞ்சள் புள்ளி பித்தநீர்.

இழப்பைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், எப்போதும் குறைவாகவே சொல்வோம். உலர்ந்த மாப்பின் எடையைக் கழித்து, 1 கிராமுக்கு 1 மி.லி. என்று எடை போடுங்கள். சக்‌ஷன் பாட்டிலில் ஊற்றிய சலைனைக் கழிக்க வேண்டும், அதைச் செவிலியர் பலகையில் எழுதிவந்தால்தான் முடியும்.

வார்டில் டிரெயின் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்ப முடியாது, கிளாட் அடைத்த டிரெயின் எதையும் காட்டாது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். அறுவை முடிந்தபின் இருந்த அளவிலிருந்து 3 கிராமுக்கு மேல் விழுந்தால் அது ரத்தக்கசிவு என்றே வரையறை. துடிப்பு ஏறி, நார்அட்ரினலின் தேவை கூடிக்கொண்டே போனால் ஸ்கேனுக்குக் காத்திராமல் மேசைக்குத் திரும்புங்கள். நிலையாக இருப்பவருக்கு மட்டும் சி.டி. ஆஞ்சியோ, ஆர்ட்டரி கசிவு என்றால் அடைத்துவிடலாம். மறுநாள் காலை ஹீமோகுளோபின் அசையாமல் நின்றால், ஐ.என்.ஆர். 1.7 என்று இருந்தாலும், எனாக்ஸாபரின் 40 மி.கி. தொடங்கிவிட வேண்டும். பெரிய ஹெப்படெக்டமிக்குப் பிறகு கூடிய ஐ.என்.ஆர். காலில் கிளாட் விழாமல் காப்பதில்லை.